நொய்யல் தண்ணிக்கு ஒரு நோட்டு

போன மாசம் சென்னையில இருந்து வந்த நண்பர் ஒருத்தர், எங்க தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள எட்டிப் பாத்தாருங்க. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஆணியில பேனா மாதிரி ஒண்ணு தொங்குது. "காய்ச்சல் பாக்கறதா?"ன்னு கேட்டாரு. ஒரு விதத்துல அதேதானுங்க. அது டிடிஎஸ் மீட்டர். தண்ணிக்குள்ள விட்டா, அதுல மின்சாரம் எவ்வளவு சுளுவா ஓடுதுன்னு பாத்து, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு சொல்லும். பக்கத்துலயே ஒரு நாப்பது பக்க நோட்டு. தேதி, இடம், எண். அவ்வளவுதான் அதுல இருக்கும்.

இந்த நோட்டு எங்க ஊர்ப்பக்கம் ஏன் வந்துச்சுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா வந்து, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊர்கிட்டயே காவிரியில சேருது. எங்க பூமி ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. அணை 1992-ல பயன்பாட்டுக்கு வந்துச்சு. பத்தாயிரம் ஏக்கர் சொச்சத்துக்குப் பாசனம்னு கணக்கு. ஆனா அந்தச் சமயம் திருப்பூர் பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்துட்டிருந்த காலம். மழைத்தண்ணி தேங்க வேண்டிய அணையில சாயத்தண்ணி தேங்குச்சு.

எங்க அப்பாரு காலத்துல மீட்டர் இல்லீங்க, நாக்குதான் மீட்டர். பருப்பு வேக மாட்டேங்குதுன்னு ஆத்தா சொன்னா, அது ஒரு அளவு. சோப்பு நுரைக்கலைன்னா இன்னொரு அளவு. தென்னையில குரும்பை கொட்டி, மட்டை ஓரம் கருகுச்சுன்னா அது கடைசி அளவு. ஆனா "தண்ணி கரிக்குது"ன்னு மனு எழுதிக் குடுத்தா, "எவ்வளவு கரிக்குது?"ன்னு கேட்பாங்க. அதுக்கு நாக்கு பதில் சொல்லாதே.

இது ஏன் உப்புன்னு நகரத்து நண்பர்களுக்குச் சொல்லணும். பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா, சாயத்தொட்டியில சாதா உப்போ, சோடியம் சல்பேட்டோ நிறையக் கொட்டணும். அது சாயத்தைத் துணிக்குள்ள தள்ளிவிடும். ஆனா தான் செலவாகாது. போட்ட உப்பு அத்தனையும் அலசுற தண்ணியோட வெளிய வந்துரும்.

கரூர்ப் பக்கத்து வாய்க்கால் விவசாயிகள் 1996-ல உயர்நீதிமன்றம் போனாங்க. 1998-ல தீர்ப்பு வந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓட ஆரம்பிச்சுது. ஆத்துத் தண்ணியில நிறம் குறைஞ்சுது. பாக்கறவங்க "சரியாயிருச்சு"ன்னாங்க. ஆனா நிறத்தை எடுக்கற முறை உப்பை எடுக்காது. கண்ணுக்குத் தெளிஞ்ச தண்ணி, மீட்டருக்குத் தெளியல. கண்ணையும் நாக்கையும் மட்டும் நம்பிட்டு இருந்திருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

அப்புறம் 2003-ல நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டுச்சு. 2006 டிசம்பர்ல உயர்நீதிமன்றம், வெளிய விடற தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசாவுல ஆரம்பிச்சு அபராதம் போட்டுச்சு. 2009 அக்டோபர்ல உச்சநீதிமன்றமும், கெடுத்தவங்கதான் செலவை ஏத்துக்கணும்னு உறுதியாச் சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் சொட்டுக்கூட வெளிய விடாத நிலை வராததால, 2011 ஜனவரி 28-ல 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு. அன்னைக்கு வேலை போனவங்களும் நம்ம சனந்தான். அதை மறைச்சு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரல.

இதுக்கு நடுவுல இழப்பீடு. வேலூர் தோல் கழிவு வழக்குல 1996-ல உச்சநீதிமன்றம் சொன்னபடி அமைஞ்ச ஆணையம், நொய்யல் பக்கம் 68 கிராமத்துல 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய்னு 2004 டிசம்பர்ல தீர்மானிச்சுது. எந்த ஊரு, எந்தக் கிணறு, எத்தனை ஏக்கர்னு அடையாளம் தெரியாம இப்படி ஒரு கணக்கு போட முடியாதுங்க.

"அப்ப உங்க நோட்டைக் காட்டியே வழக்கை ஜெயிச்சிரலாமா?"ன்னு நண்பர் கேட்டாரு. முடியாதுங்க. 1974-ம் வருசத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-ம் பிரிவுப்படி, ஆலை கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆளுங்க முறைப்படி எடுத்து, முத்திரை வெச்சு, ஆய்வகத்துக்கு அனுப்பின மாதிரிதான் கோர்ட்டுல சாட்சி. விவசாயி பாட்டிலுக்கு அந்த மரியாதை இல்ல.

அப்ப நோட்டு எதுக்கு? அதிகாரி என்னைக்கு, எங்க வந்து தண்ணி எடுக்கணும்னு சொல்றதுக்கு. அவங்க வர்றது பகல்ல. தண்ணி மாறுறது பல நாள் ராத்திரியில. பாலத்துக்கு மேலயும் கீழயும் ஒரே நாள் அளந்தா, நடுவுல எந்த ஓடை உப்பைக் கொண்டாந்து சேர்க்குதுன்னு தெரிஞ்சு போகும். வெள்ளம் வர்றப்ப முதல் தண்ணியில எண் ஏறும், அப்புறம்தான் இறங்கும். அணைக்குள்ள படிஞ்ச உப்பு இன்னும் தீரலைங்கறதுக்கு அதுதான் அடையாளம். எந்தத் தண்ணியை வயலுக்கு விடலாம், எதை ஆத்தோட போக விடணும்னு முடிவெடுக்க இந்தக் கணக்கு வேணும். சுத்தம் பண்றதுக்குத் திட்டம் போடறவங்களும் இங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.

மீட்டரை சாமியாட்டம் கும்பிடவும் கூடாதுங்க. அது உப்பைத்தான் காட்டும். சாக்கடை கலந்ததைச் சரியாச் சொல்லாது, சாயத்துல இருக்கற மத்த சமாச்சாரத்தையும் காட்டாது. அமெரிக்காவுல 1969-ல ஆரம்பிச்ச ஒரு தன்னார்வத் திட்டத்துல ஓடைக் கல்லைப் புரட்டிப் பூச்சிகளை எண்ணுவாங்களாம். சுத்தமான தண்ணியில மட்டும் வாழற பூச்சி காணாமப் போனா, ஓடைக்கு என்னமோ ஆச்சுன்னு அர்த்தம். மீன் இருக்கா, தவளை இருக்கான்னு எங்க அப்பாரு பாத்ததும் அதேதான். என்ன, அவரு எழுதி வெக்கல.

அந்த ஒண்ணுதான் வித்தியாசம். 1992-க்கு முன்னாடி எங்க கிணத்துத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, என்கிட்ட ஒரு எண்கூட இல்லீங்க. "இளநி மாதிரி இருந்துச்சு"ன்னு பெருசுங்க சொன்ன வார்த்தை மட்டும்தான் இருக்கு. எந்த அளவுக்குத் திரும்பக் கொண்டாரணும்னு யாராச்சும் கேட்டா, அந்த வார்த்தையைத்தான் சொல்லணும்.

உங்க வீட்டுப் பக்கம் ஒரு ஏரியோ கால்வாயோ இருக்கும். இன்னைக்கு அது நல்லா இருக்கலாம். நல்லா இருக்கறப்பவே அளந்து எழுதி வைங்க. ஒரே இடம், வாரம் ஒரு தடவை, தேதியோட. எங்க நோட்டுல இப்ப ஞாயித்துக்கிழமை கணக்கு எம்பொண்ணு எழுதறா. கோழிக்கிறுக்கல்தான். தேதி மட்டும் தப்பறதில்ல.