குஸ்குஸும் கறியாணமும்

சோழமண்டலக் கரையின் சோற்றைப் பற்றி முறையிட்டு எழுதிய அயல்நாட்டார் ஒருவர் உண்டு. அவர்தாம் உலகப் பயணி இப்னு பதூதா. மாலத் தீவுகளிலும் இலங்கையிலும் மலபாரிலும் நம் கரையிலுமாக மூன்றாண்டுகள் சோறன்றி வேறொன்றும் உண்ணாமல் கழித்ததாகவும், முடிவில் தண்ணீரைத் துணைக்கொண்டே அதனை விழுங்க வேண்டியதாயிற்று என்றும் அவர் தம் பயண நூலில் குறித்துள்ளார். 1304இல் மொரோக்கோவின் தாஞ்சா நகரில் பிறந்த அவர், லவாத்தா என்னும் பர்பர் குலத்தவர். 1340களில் மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் விருந்தினராய் இங்கே தங்கியவர். அவருடைய நா எதற்காக ஏங்கிற்று என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் 1352இல் மாலி நாட்டை நோக்கிச் செல்லும் வழியில், கடுகு போன்ற சிறு தானியத்திலிருந்து அங்குள்ளோர் குஸ்குஸு சமைப்பதைக் கண்டதும் அதனைப் பெயர் சொல்லிக் குறித்து வைக்கிறார்.

அந்தக் குஸ்குஸு, இன்று குஸ்குஸ் என உலகறிந்த உணவு, வட ஆப்பிரிக்காவின் பழங்குடிகளான பர்பர் மக்களின் கைவண்ணம். அவர்கள் தம்மை ‘அமாஸிக்’ என்று அழைத்துக் கொள்வர். அரபியர் மேற்றிசை வருமுன்பே அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். குஸ்குஸின் செய்முறை எழுத்தில் ஏறியது 13ஆம் நூற்றாண்டில். ஸ்பெயினில் முஸ்லிம்கள் வாழ்ந்த அந்தலூசிய நாட்டில் எழுந்த அரபுச் சமையல் நூல்கள் அதனை விரித்துரைக்கின்றன.

அதன் செய்முறையை அறிந்தால் நம் அடுக்களைப் பெண்கள் வியப்படைய மாட்டார்கள். கடினக் கோதுமையின் ரவையை அகன்ற மரத்தட்டில் பரப்பி, நீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் உருட்டி உருட்டிச் சிறு மணிகளாக்குவர். பின் சல்லடையில் சலித்து எடுப்பர். அடுக்குப் பானையின் கீழ்ப்பகுதியில் ஆட்டிறைச்சி, வெங்காயம், கொண்டைக்கடலை, பூசணி, காரட் முதலியன மசாலையுடன் கொதிக்கும். துளைகள் நிறைந்த மேல்பகுதியில், கறியின் ஆவியிலேயே மணிகள் வேகும். வெந்ததை இறக்கி, நெய்யோ எண்ணெயோ தடவி, கையால் உதிர்த்து, மீண்டும் ஆவியில் ஏற்றுவர். இவ்வாறு இருமுறை, மும்முறை செய்த பின், குவித்த மணிகளின் மேல் இறைச்சியையும் காய்களையும் அடுக்கிச் சாற்றை வார்ப்பர்.

நாம் புட்டு அவிப்பதும் ஏறத்தாழ இந்த முறையில்தானே! பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்பது புட்டு மாவுக்கு நம் மூதாட்டியர் வகுத்த இலக்கணம். அரிசி மாவுக்கு அவர்கள் சொன்னதைக் கோதுமை ரவைக்குப் பர்பர் மூதாட்டியரும் சொல்லியிருப்பர். இதனைக் கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனத் துணிந்துவிடக் கூடாது. அதற்குச் சான்றில்லை. நீரும் நெருப்பும் தானியமும் கொண்டு வாழ்ந்த இரு கரைப் பெண்கள், தனித்தனியே ஒரே நுட்பத்தைக் கண்டனர் என்பதே பொருந்தும். அது கடன்பட்ட ஒற்றுமையைவிடச் சிறந்ததன்றோ?

ஆனால் கீழ்ப்பானையில் கொதிக்கும் கறியின் கதை வேறு. அதில் விழும் மிளகு, இஞ்சி, மஞ்சள், பட்டை, ஏலம் ஆகியன பர்பர் மலைகளில் விளைந்தவை அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து கடலேறி, ஏடனையும் செங்கடலையும் கடந்து, காரிமி வணிகர் போன்றோரின் கைகளால் கெய்ரோவை அடைந்து, அங்கிருந்து மேற்றிசை சென்றவை. அந்நாட்டார் தம் மசாலைக் கலவைக்கு ‘ராஸ் அல் ஹானூத்’, அதாவது ‘கடையின் தலை’, என்று பெயரிட்டனர். கடைக்காரர் தம்மிடமுள்ள சரக்கில் தலைசிறந்தவற்றைச் சேர்த்துத் தருவது என்பது பொருள். அந்தத் தலைச்சரக்கில் ஒரு பங்கு நம் கடல் வணிகர் அனுப்பியது.

இனி, காரைக்கால் இவ்வரலாற்றில் எங்கே வருகிறது என்பதைக் காண்போம். தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்ற ஆண்டு 1739. ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, 1954 நவம்பர் முதல் நாள் வரை அவ்வூர் அவர்கள் ஆட்சியில் இருந்தது. அதே பிரெஞ்சுக்காரர் 1830இல் அல்ஜீரியாவில் படையிறக்கினர். 1881இல் துனீசியாவையும், 1912இல் மொரோக்கோவையும் தம் காப்பாட்சிக்குள் கொணர்ந்தனர். அரசலாற்றங்கரை முஸ்லிமும் அட்லஸ் மலை முஸ்லிமும் இவ்வாறு ஒரே கொடியின் கீழ் வந்தனர்.

கொடி ஒன்றாயினும் பந்தி ஒன்றாகவில்லை. காரைக்கால் முஸ்லிம்கள் பொருள் தேடிச் சைகோனுக்குச் சென்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் அந்நகரில் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. வட ஆப்பிரிக்கரோ பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டு அதே இந்தோசீனாவுக்குப் போர்புரிய அனுப்பப்பட்டனர்.

1962ஆம் ஆண்டு ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வாண்டு ஜூலை 5இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16இல் காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தன. இரண்டுக்கும் இடைவெளி ஆறே வாரங்கள்! பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் அதனைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வழியிலும் பின்னர் உறவு முறையிலும் காரைக்கால் குடும்பங்கள் பல பிரான்சில் வேரூன்றின. பாரீசின் புறநகர்களில் அவர்களுக்கு அண்டை வீட்டாராய் அமைந்தவர்களுள் அல்ஜீரியரும் மொரோக்கரும் உண்டு. ஒரே கொடி கூட்டி வைக்காத பந்தியை, அக்கொடி இறங்கிய பின் அண்டை வீட்டுறவு கூட்டி வைத்தது. குஸ்குஸ் காரைக்கால் தமிழருக்கு அறிமுகமாக அதுவே நேர்வழியாயிற்று.

செய்து பார்க்க விரும்பும் இல்லங்களுக்கு இட்டிலிக் கொப்பரையே போதும். கீழே ஆட்டுக்கறியும் கொண்டைக்கடலையும் நூல்கோலும் பூசணியும் இஞ்சி, சீரகம், மல்லி, பட்டையுடன் கொதிக்கட்டும். தேங்காய்ப்பால் வேண்டா, சாறு நீர்த்தே இருக்க வேண்டும். தட்டில் துணி விரித்து, நீர் தெளித்துப் பிசிறிய பெருரவையை இருமுறை அவித்து உதிர்த்தால், அசலுக்கு அண்மையில் வந்துவிடலாம்.

உண்ணும் முறையிலும் இரு கரைகளும் ஒன்றுபடுகின்றன. வட ஆப்பிரிக்காவில் குஸ்குஸ் பெருந்தட்டில் குவிக்கப்படும். குடும்பத்தார் சுற்றியமர்ந்து, அவரவர் தம் பக்கத்திலிருந்து உண்பர். நம் விருந்துகளில் நெய்ச்சோறும் கறியாணமும் தாளிச்சாவும் பரிமாறப்படும் ‘சஹன்’ அதுவேயன்றோ? சஹன் என்பதே தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். காரைக்காலில் மஸ்தான் சாஹிப் தர்காவில் கொண்டாடும் ‘கந்தூரி’யோ உணவு விரிப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல். செல்வரும் வறியவரும் ஒரே தட்டில் கையிடும்போது எவர் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவார் இல்லை. இன்று பல திருமண மண்டபங்களில் மேசையும் தனித்தட்டும் சஹனின் இடத்தைப் பிடித்துவிட்டன. வசதி வந்தது நன்றே. எனினும் அதனுடன் ஒன்று போயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

2020 டிசம்பரில் அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசியா, மௌரித்தானியா ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்ததன் பேரில், குஸ்குஸ் ஆக்கும் அறிவும் உண்ணும் மரபும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றன. பல செய்திகளில் பிணக்குற்ற நாடுகள் ஒரு தட்டின் பொருட்டு ஒன்று கூடின. பெரும்பாலும் எழுதப்படாமல் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற கைப்பழக்கம் அவ்வாறு உலகச் சொத்தாயிற்று.

நம் கறியாணத்தின் பக்குவமும், புட்டின் பதமும், சஹனின் ஒழுக்கமும் இன்னும் மூதாட்டியரின் கைகளிலும் நினைவிலுமே இருக்கின்றன. பட்டியலில் இடம் பெறுவது பின்னர் ஆகட்டும். முதலில் அவர்களைக் கேட்டு, அளவும் பெயரும் மாறாமல் எழுதி வைப்போம். இப்னு பதூதா நம் சோற்றைக் குறை கூறினார் என்றாலும் எழுதி வைத்தார். அதனாலன்றோ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதனை அறிகிறோம்!