இடுப்பளவு மரம்

தேயிலை மரம்தான். கத்தி படாமல் விட்டால் அசாம் இனம் முப்பது, நாற்பது அடிக்கு எழும்பும். இலங்கை மலையகத்தில் இறம்பொடையிலிருந்து லபுக்கலைக்கு ஏறும் பாதையில் இரண்டு பக்கமும் இடுப்பளவில் நிற்பவை வளர விடாமல் வைத்திருக்கிற மரங்கள். போன்சாய் என்றதும் எல்லோருக்கும் ஜப்பான் ஞாபகம் வருகிறது. நம் ஆட்களோ தலைமுறை தலைமுறையாக மலை மலையாக அந்த வேலையைத்தான் பார்த்துவந்திருக்கிறார்கள். தொட்டி ஒன்றுதான் இல்லை.

இந்த மரம் இங்கே வந்து சேர்ந்ததே சுற்றுவழியில்தான். 1824இல் சீனாவிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. 1839இல் கல்கத்தாவிலிருந்து அசாம் விதை வந்தது. 1841இல் மொரிஸ் வோர்ம்ஸ் சீனச் செடிகளைப் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். இறம்பொடையிலிருந்து கண்டிப் பக்கம் இறங்கினால் அந்தத் தோட்டம் வந்துவிடும். அப்போது மலை முழுக்கக் கோப்பி. தேயிலையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டது 1867இல். இரண்டே வருசத்தில் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அதன் பிறகு தேயிலையின் காலம்.

கன்று தவறணையில் வளர்ந்து மலைக்குப் போகும். வேர் பிடித்து நிமிரும்போதே நடுத்தண்டை வெட்டிவிடுவார்கள். செடி பக்கவாட்டில் விரியும். பெண்கள் மட்டக்கம்பை மேலே வைத்து, அந்த மட்டத்துக்கு மேலே வந்த கொழுந்தைக் கிள்ளுவார்கள். உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஆண்கள் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டு சாய்வாக விழ வேண்டும், இல்லாவிட்டால் காயத்தில் மழைத்தண்ணீர் தங்கி மரம் உளுத்துப்போகும். இலையெல்லாம் போன செடி வேரில் சேர்த்த மாவுச்சத்தை வைத்துத்தான் மறுபடி துளிர்க்கும். அதனால் கவ்வாத்துக்கு முன்னால் பென்சில் பருமன் வேர் ஒன்றை நறுக்கி அயோடின் தொட்டுப் பார்ப்பதுண்டு. கருநீலமானால் வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். செடி தாங்காது என்று தோன்றும் மலையில் ஒன்றிரண்டு வாதை இலையோடு விட்டுவைப்பார்கள். வெட்டிய மிலாறு லயத்து அடுப்புக்குப் போகும்.

1923 நிலநடுக்கத்தில் டோக்கியோவை விட்டு வெளியேறிய போன்சாய்க்காரர்கள் 1925இல் ஓமியாவில் தங்களுக்கென்று ஒரு கிராமம் அமைத்தார்கள். அதே வருசம்தான் இலங்கையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் தொடங்கியது. இப்போது இருப்பது தலவாக்கலை சென்கூம்ஸில். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேள்விப்பட்டிருக்க வழியில்லை. மரத்தைக் குட்டையாக வைத்துச் சாகாமல் காப்பது எப்படி என்பதுதான் இரு பக்கமும் பாதிக் கவலை.

விளைச்சல் குறைந்த மலையைப் பிடுங்கிப் புதுக் கன்று வைக்கும்போது பழைய மரத்தின் மலை வாழ்க்கை முடிகிறது. அடிமரம் முழுக்க வெட்டு ஆறிய முடிச்சுகள். போன்சாய்க்காரர் பல வருசம் பாடுபட்டு வரவழைக்கிற முதுமை அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அடுப்பில் வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அதற்காக நல்ல மலையில் கை வைக்கக் கூடாது. பிடுங்கிப் போட்டதில் ஒன்றைத் தொட்டிக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

சிறிய இலையுள்ள சீனச் சாதி தொட்டிக்கு எடுப்பாக இருக்கும். விதைத் தேயிலைக்கு ஆழமான ஆணிவேர் உண்டு. அதை வெட்டிவிட்டுப் பக்கவேர்களைக் காயாமல் காப்பாற்ற வேண்டும். மலை மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும். பருமணலும் மட்கிய இலையும் கலக்க வேண்டும். புளிப்பு மண்தான் தேயிலைக்குப் பிடிக்கும், பிஎச் 4.5 முதல் 5.5 வரை. சாம்பல், சுண்ணாம்பு ஆகாது. புதுச் சிமெந்துத் தொட்டியும் ஆகாது, அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். இறம்பொடையில் பீலித் தண்ணீர் ஊற்றினால் போதும். இதே தொட்டியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் விட்டால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். அங்கே மழைத்தண்ணீரைச் சேமித்துத்தான் வளர்க்க வேண்டும்.

கம்பி சுற்றி வளைப்பது இதற்கு ஒத்துவராது. முற்றிய வாது படக்கென்று முறியும். கத்தரியாலேயே உருவம் கொண்டுவர வேண்டும். இது வீட்டுக்குள்ளே வைக்கிற செடியும் இல்லை, காலை வெயில் படும் வாசல்தான் இடம். 1946இல் இங்கே வந்து சேர்ந்த கொப்புள நோய் விடாத மழையில் இளம் இலையில் வட்ட வட்டமாக எழும்பும். கண்டதும் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். நுனியைக் கிள்ளாமல் விட்டால் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூக்கும். கொழுந்தாகவே பறிபடும் மலைச் செடிக்கு அதற்கு அவகாசம் குறைவு.

கொழுந்தை என்ன செய்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தொட்டிச் செடியை நம்பித் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்காதீர்கள்.