பட்டியல் யாருடைய கையில்? தொண்டு நிறுவனங்கள், சிறுவணிகம், சமூக ஊடகம்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

2009 பிப்ரவரியில், ஹூப்ளியில் இருந்த ஸ்ரீராம் சேனையின் அலுவலகத்துக்கு நாட்டின் பல நகரங்களிலிருந்து இளஞ்சிவப்பு உள்ளாடைகள் அஞ்சலில் வந்து சேர்ந்தன. முந்தைய மாதம் மங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் இருந்த பெண்களை அவ்வமைப்பினர் தாக்கியதற்கான எதிர்வினை அது. 'பிங்க் சட்டி' என்று அறியப்பட்ட அந்த இயக்கத்தை ஒருங்கிணைத்தது ஒரு முகநூல் குழு. சில நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் அதில் சேர்ந்தனர். சமூக ஊடகத்தின் ஆற்றலைப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அடுத்து நடந்தது அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. சில வாரங்களில் அக்குழு ஊடுருவப்பட்டது. அதன் பெயரும் அறிமுக வாசகமும் மாற்றப்பட்டன. தொடங்கியவரின் கணக்கு முடக்கப்பட்டது. சேர்ந்திருந்த பல்லாயிரம் பேரை அக்குழுவின் வழியாக மீண்டும் அழைப்பதற்கான வாயில் அத்துடன் அடைபட்டது. முகநூல் அழைப்பைக் கண்டு அஞ்சலில் போடப்பட்ட பொதிகள் உரிய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. அழைப்பு விடுத்த குழுவுக்கோ முகவரி இல்லாமற் போயிற்று.

தொண்டு நிறுவனங்களும் சிறுவணிகர்களும் சமூக ஊடகத்தை நல்ல முறையில் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்விக்குப் பயிற்சிக் கையேடுகள் தரும் விடை ஏறத்தாழ ஒன்றே: நல்ல படம், நல்ல கதை, இடைவிடாத பதிவு. இவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் கடந்த நாற்பதாண்டுக்கால இந்திய அனுபவத்தை அடுக்கிப் பார்த்தால், வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான கோடு வேறோர் இடத்தில் ஓடுவது தெரிகிறது. ஆதரவாளர் அல்லது வாடிக்கையாளர் பட்டியல் யாருடைய கையில் இருந்தது, அந்தப் பட்டியலில் உள்ளவர் திரும்பப் பேச இயன்றதா என்பவையே தீர்மானமான கேள்விகளாக இருந்திருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள இணையத்துக்கு முந்தைய காலத்திலிருந்து தொடங்க வேண்டும். 1979இல் மும்பையில் ரிப்பன் கபூர் என்ற விமானப் பணியாளர் ஆறு நண்பர்களுடன், 50 ரூபாய் முதலுடன், 'கிரை' அமைப்பைத் தொடங்கினார். குழந்தைகள் நலனுக்காகத் தொடங்கப்பட்ட அவ்வமைப்புக்கு நெடுங்காலம் வருவாய் ஈட்டித் தந்தவை வாழ்த்து அட்டைகள். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் அட்டை வாங்கிய குடும்பமும் நிறுவனமும் பணத்தை மட்டும் தரவில்லை. தம் முகவரியையும் தந்தன. அடுத்த ஆண்டு அதே முகவரிக்குக் கடிதம் எழுதலாம். அட்டை என்பது விற்பனைப் பொருள், விளம்பரம், நன்கொடைப் படிவம் ஆகிய மூன்றும் கலந்த ஒன்று. வணிகர்களிடமும் இதே முறை இருந்தது. வி.பி.பி. வழியாகப் பொருள் அனுப்பிய மருந்து வியாபாரியும் புத்தக வியாபாரியும், மளிகைக் கடைக்காரரின் பற்று வரவு நோட்டும் இந்த மரபைச் சேர்ந்தவையே. கடை இடம் மாறினாலும் நோட்டு கூடவே வரும்.

இணையம் வந்தபோது முதலில் இந்த மரபு தொடரவே செய்தது. 2004இல் தொடங்கிய மும்பை மாரத்தான் ஓட்டத்தில் பங்கேற்றவர்கள் தம் நண்பர்களுக்கு மின்னஞ்சல் எழுதித் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டினர். ஊடகம் மாறிற்றே தவிர, கடிதமும் முகவரியும் மாறவில்லை.

முறிவு 2007 நவம்பரில் நேர்ந்தது. முகநூல் அப்போதுதான் நிறுவனங்களுக்கான 'பக்கம்' என்ற வசதியைத் தன் விளம்பர அமைப்போடு சேர்த்தே அறிமுகப்படுத்தியது. இவ்விரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவின் தொண்டு நிறுவனங்களும் கைத்தறிக் கூட்டுறவுகளும் உணவகங்களும் பக்கம் திறந்தன. விருப்பக் குறிகளைச் சேர்ப்பதே பணி என்றாயிற்று. சிலர் அதற்காக விளம்பரப் பணமும் கொடுத்தனர். விருப்பக் குறி இட்டவரின் பெயரை நிறுவனம் பார்க்கலாம். ஆனால் அவரது முகவரியோ தொலைபேசி எண்ணோ அதனிடம் இல்லை. அவருக்குப் பதிவு காட்டப்படுமா என்பதை முடிவு செய்வது முகநூலின் நிரல். 2014 பிப்ரவரியில் ஓகில்வி விளம்பர நிறுவனத்தார் ஏறத்தாழ 100 வணிகப் பக்கங்களை ஆராய்ந்து, கட்டணமில்லாப் பதிவு பின்தொடர்வோரில் சுமார் 6 விழுக்காட்டினரையே அடைகிறது என்றனர்; முந்தைய அக்டோபரில் அது 12 விழுக்காடாக இருந்தது. பணம் கொடுத்துச் சேர்த்த கூட்டத்தோடு பேச மீண்டும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. பெருநிறுவனத்துக்கு இது செலவுக் கணக்கில் ஒரு வரி. மூன்று பேர் வேலை செய்யும் ஒரு கிராமப்புறத் தொண்டு நிறுவனத்துக்கோ, ஆறேழு ஆண்டு உழைப்பு கண்ணெதிரே கரைந்த கதை.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் வேறொரு வழியும் உருவாகியிருந்தது. ஆய்வுலகம் அதற்கு உரிய இடத்தை இன்னும் தரவில்லை. மிஸ்டு கால் என்ற மக்கள் வழக்கம்தான் அது. அழைப்புக்குக் காசு ஆகும். மணியடித்துத் துண்டித்தால் ஆகாது. 'வீட்டுக்கு வந்துவிட்டேன்', 'நீ கூப்பிடு' என்பவற்றையெல்லாம் ஒரு பைசாச் செலவில்லாமல் சொல்ல ஏழை மக்கள் கண்ட வழி. இதில் நிறுவனங்களுக்கு வாய்த்த பேறு, அழைத்தவரின் எண் தானாகவே அவற்றிடம் பதிவாகிவிடும் என்பது. 2010இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஜிப்டயல் இதையே தொழிலாக்கியது. 2011இல் ஊழலுக்கு எதிரான இந்தியா இயக்கத்தினர் ஆதரவு தெரிவிக்க மிஸ்டு கால் கொடுக்குமாறு மக்களைக் கேட்டனர். அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதத்தைத் தொலைக்காட்சியிலும் ட்விட்டரிலும் கண்டு மகிழ்ந்தவர்கள் ஒருபுறம் இருக்க, இயக்கத்தின் கையில் எஞ்சியது அந்த எண்களின் பட்டியல்தான். பிற்காலத்தில் அரசியல் கட்சிகள் உறுப்பினர் சேர்க்கையையே இம்முறையில் நடத்தியது தற்செயலன்று.

வணிகத்தில் இதன் உச்சம் இந்துஸ்தான் யூனிலீவரின் 'கான் கஜுரா டேசன்'. 2013இல் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் தொடங்கப்பட்டது. மின்சாரமும் தொலைக்காட்சியும் எட்டாத ஊர்களில் இருப்பவர் ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், திரும்ப அழைப்பு வரும். சுமார் கால் மணி நேரம் பாட்டும் நகைச்சுவையும் கேட்கலாம். இடையிடையே சோப்பு விளம்பரம். அடுத்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்குப் பரிசுகள் கிடைத்தன. பரிசு கற்பனைக்கு வழங்கப்பட்டது என்று கொள்ளலாம். நிறுவனத்துக்குக் கிடைத்த மெய்யான ஆதாயம், அதுவரை எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்காத நுகர்வோரின் தொலைபேசி எண்கள்.

இதே கருவி தொண்டுப் பணியில் எவ்வாறு வேறு வடிவம் கொண்டது என்பதற்குச் சத்தீஸ்கரின் சிஜிநெட் ஸ்வரா சான்று. பிபிசியில் பணியாற்றிய இதழாளர் சுப்ரான்சு சௌத்ரி 2010இல் தொடங்கியது. கோண்டி பேசும் மக்கள் வாழும் பகுதியில் அம்மொழி அறிந்த இதழாளர் இல்லை. செய்தித்தாள் போய்ச் சேர்ந்தாலும் படிக்க இயலாதோர் பலர். ஓர் எண்ணை அழைத்தால், செய்தியைப் பதிவு செய்ய ஒரு பொத்தான், பிறர் பதிந்ததைக் கேட்க இன்னொரு பொத்தான். பதிவுகளை நெறியாளர்கள் கேட்டுச் சரிபார்த்த பின்னரே வெளியிடுவர். கைப்பம்பு பழுது, ஆசிரியர் வருவதில்லை, வேலைத்திட்டக் கூலி வரவில்லை என்பவை அடிக்கடி பதிவாகும் செய்திகள். பதிவின் முடிவில் சம்பந்தப்பட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணும் சொல்லப்படும். நகரத்தில் அமர்ந்து கேட்கும் ஒருவர் அந்த எண்ணை அழைத்து 'அந்தப் பம்பு என்னவாயிற்று' என்று கேட்பார். சில வாரங்களில் அதே கிராமத்தவர் மீண்டும் அழைத்து, கூலி வந்துவிட்டது என்று பதிவதும் உண்டு. இந்தச் சுற்று முழுமையடைவதில்தான் அதன் வலிமை இருந்தது. விருப்பக் குறிகளால் இதை அளக்க இயலாது; பம்பில் தண்ணீர் வந்ததா என்பதே அளவை. டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து கிளைத்த கிராம் வாணி, ஜார்க்கண்டில் மொபைல் வாணி என்ற பெயரில் இதை ஒத்த குரல்வழி வலையமைப்பை நடத்தியது. பிற நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி அதில் தம் பரப்புரைகளை நடத்தின. தொண்டும் வணிகமும் ஒரே கம்பியில் ஓடின எனலாம்.

இந்த வழி ஏன் தேய்ந்தது? 2015 ஜனவரியில் ட்விட்டர் ஜிப்டயலை விலைக்கு வாங்கியது. அது ஓர் அறிகுறி மட்டுமே. மெய்யான காரணம் 2016 செப்டம்பரில் வந்த ஜியோ. அழைப்பு இலவசமானபோது மிஸ்டு காலுக்கான பொருளாதாரக் காரணமே மறைந்தது. தரவு மலிவானபோது மக்கள் செயலிகளுக்குப் பெயர்ந்தனர். அதே ஆண்டு பிப்ரவரி 8 அன்று, பாகுபாடான தரவுக் கட்டணங்களைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்ததால், முகநூலின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவில் நின்றுபோனது. இணையத்தின் நுழைவாயில் ஒரே நிறுவனத்திடம் போகாமல் தடுத்த வெற்றி அது, ஐயமில்லை. ஆனால் வாயில் திறந்திருந்தும், உள்ளே நுழைந்தவர்களில் பெரும்பாலோர் போய் அமர்ந்தது அதே நிறுவனத்தின் வாட்ஸ்அப்பில்தான். ஆணையத்தின் அதிகாரம் கட்டணத்தின் மீதே, பழக்கத்தின் மீதன்று.

வாட்ஸ்அப் சிறுவணிகருக்கு ஒரு வகையில் பழைய நோட்டைத் திருப்பித் தந்தது. எண்கள் அவரவர் கைபேசியில் இருந்தன. 2015இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மீஷோ இதன் மீதே எழுந்தது. இல்லத்தரசிகளாக இருந்த பெண்கள் அதிலிருந்து சேலைப் படங்களை எடுத்து, தம் உறவினர், அண்டை வீட்டார் குழுக்களில் பகிர்ந்து, விலையில் தம் ஆதாயத்தைச் சேர்த்து விற்றனர். அங்கே விற்கப்பட்டது சேலை மட்டுமன்று. 'அக்கா சொன்னால் சரியாக இருக்கும்' என்ற நம்பிக்கையும்தான். 2019 ஜூனில் முகநூல் நிறுவனம் மீஷோவில் முதலீடு செய்தது. இந்தியத் தொடக்க நிறுவனம் ஒன்றில் அது இட்ட முதல் முதலீடு. பின்னர் மீஷோ நுகர்வோருக்கு நேரடியாக விற்பதில் கருத்தைச் செலுத்தியபோது, இடையில் நின்ற மறுவிற்பனைப் பெண்ணின் இடம் சுருங்கியது. அவளிடம் பட்டியல் இருந்தது உண்மை. ஆனால் அப்பட்டியலில் உள்ளவர்களும் அதே செயலியைத் தம் கைபேசியில் இறக்கிக்கொள்ள முடிந்தது. பட்டியலைக் கையில் வைத்திருப்பது தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பட்டியலே இல்லாதவர்களின் கதை இன்னும் கடுமையானது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை ஒன்றிய அரசு தடை செய்தது. சிற்றூர்களிலிருந்து இலட்சக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்திருந்தவர்களுக்கு, அவர்களுள் ஒருவரைக்கூடத் தனியே தொடர்புகொள்ளும் வழி இல்லாமற் போயிற்று. தடையின் நியாயம் தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது இழப்பின் வடிவம்.

2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலை இவ்வரலாற்றின் அனைத்து இழைகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது. உயிர்வளி உருளையும் மருத்துவமனைப் படுக்கையும் தேடியோர் ட்விட்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் கூக்குரலிட்டனர். அந்தக் கூக்குரலைப் பயனுள்ளதாக்கியவர்கள், பகிரப்பட்ட விரிதாள்களில் எண்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் அழைத்து, இந்நேரத்தில் சரிபார்க்கப்பட்டது என்று குறித்த இளைஞர்கள். சரிபார்க்கப்படாத எண் பத்தாயிரம் முறை பகிரப்பட்டாலும் நோயாளிக்குப் பயனில்லை. அந்த எண்ணுக்குரியவருக்குத் தொல்லையும்கூட. இணையத்தில் உதவி கேட்போர் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதே வேளையில், 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, அயல்நாட்டு நிதி புது டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். பெற்ற நிதியைப் பிற அமைப்புகளுக்குப் பகிரவும் கூடாது. அக்கணக்குக்கு மாறுவதற்கான கெடு 2021 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. வெளிநாட்டில் இருந்தோர் பதிவுகளைக் கண்டு பணம் அனுப்ப முன்வந்தபோது, அதைப் பெறும் நிலையில் இல்லாத சிறு அமைப்புகள் இருந்தன. அந்தத் தடையை எந்தப் பதிவாலும் நீக்கியிருக்க முடியாது.

2023 ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் இப்பட்டியலுக்கு மூன்றாவதாக ஓர் உரிமையாளர் வந்து சேர்ந்திருக்கிறார்: பட்டியலில் பெயர் உள்ளவர். எந்த நோக்கத்துக்காக எண் பெறப்படுகிறது என்பதைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். தந்த ஒப்புதலை அவர் திரும்பப் பெறலாம். சட்டம் எண்ம வடிவில் உள்ள தரவுக்கும், பின்னர் எண்மமாக்கப்பட்ட தரவுக்கும் மட்டுமே பொருந்தும். ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய அலமாரியில் கிடக்கும், வாழ்த்து அட்டை வாங்கியோரின் முகவரி நோட்டு இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதே நோட்டை ஒரு பயிற்சிப் பணியாளர் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கும்போது அது எல்லைக்குள் வருகிறது.