ஊர்பினோவின் வீனஸ்

ஊர்பினோவின் வீனஸ் என்பது வெனிஸ் ஓவியர் டிஷியன் 1538இல் முடித்த எண்ணெய் வண்ண ஓவியம். 119 செ.மீ. உயரமும் 165 செ.மீ. அகலமும் கொண்டது, ஃபிளாரன்ஸ் நகரின் உஃபிஸி கலைக்கூடத்தில் உள்ளது. மறுமலர்ச்சிக் கால நிர்வாண ஓவியங்களுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்ற விவாதத்தில் முதலில் எடுத்துப் பேசப்படும் படங்களுள் ஒன்று.

அமைப்பு

படுக்கையில் சாய்ந்திருக்கும் பெண் பார்ப்பவரை நேருக்கு நேர் நோக்குகிறாள். வலக்கையில் ரோஜாக்கள், இடக்கை மடிமேல் படிந்திருக்கிறது. காலடியில் நாய்க்குட்டி சுருண்டு உறங்குகிறது. பின்புறம் சாளரத்தில் மிர்ட்டில் செடித்தொட்டி. அருகே ஒரு பணிப்பெண் மண்டியிட்டு உடைப்பெட்டிக்குள் துழாவ, மற்றொருத்தி தோளில் உடையுடன் நிற்கிறாள். ஓவியர் ஜார்ஜோனே தொடங்கி, அவர் 1510இல் இறந்தபின் டிஷியன் முடித்த ‘உறங்கும் வீனஸ்’ படத்திலும் இதே கிடைதான். ஆனால் அங்கே அவள் திறந்தவெளியில் கண்மூடிக் கிடக்கிறாள். இங்கே மாளிகை அறையில் விழித்திருக்கிறாள்.

விளக்கங்கள்

படத்தை வாங்கிய குயிதோபால்தோ டெல்லா ரோவெரே, பின்னாளில் ஊர்பினோவின் கோமகன் ஆனவர். 1538ஆம் ஆண்டுக் கடிதத்தில் இதை ஆடையற்ற பெண்ணின் படம் என்றே குறிப்பிட்டார். வீனஸ் என்று குறித்தவர் 1568இல் ஓவியர் வரலாறுகளின் இரண்டாம் பதிப்பை வெளியிட்ட வசாரி.

கலை வரலாற்றாளர் ரோனா கோஃபென் இதைத் திருமணப் படமாகக் கண்டார். இவ்வாசிப்பில் பெட்டி மணமகளின் சீர்ப்பெட்டி. நாய் கற்புறுதியின் அடையாளம். மிர்ட்டில் இல்லறத்தின் குறி. மற்றொரு கலை வரலாற்றாளர் சார்ல்ஸ் ஹோப் இதை மறுத்து, படம் ஆணின் கண்ணின்பத்துக்கே தீட்டப்பட்டது என்றார். திருமண வாசிப்புக்கு வேறு தடைகளும் உண்டு: குயிதோபால்தோவின் திருமணம் 1534இலேயே நடந்துவிட்டது. ரோஜாவும் மிர்ட்டிலும் காதல் தெய்வமான வீனஸுக்கும் உரியவை. நிர்வாண ஓவிய மரபு பெண்ணுடலை உடைமையாளரின் பார்வைக்காக அடுக்கி வைக்கிறது என்று கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972இல் வாதிட்டார். இப்படத்துப் பெண்ணின் அஞ்சாத பார்வையே அவளைக் காட்சிப்பொருளாக்க விடாமல் தடுக்கிறது என்பது எதிர்வாதம்.

தாக்கம்

பிரெஞ்சு ஓவியர் எடுவார் மனே இப்படத்தைப் பிரதியெடுத்துப் பயின்றவர். 1863இல் வரைந்த ‘ஒலிம்பியா’வில் நாயின் இடத்தில் கருப்புப் பூனையை வைத்து, தெய்வப் பெயரின் போர்வையை நீக்கினார். 1865இல் பாரிஸில் அது காட்சிக்கு வந்தபோது பெரும் கண்டனம் எழுந்தது. டிஷியனின் படத்துக்கு மாதிரியாக இருந்த பெண் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.