நுண்ணோக்கி: படத்தில் குறிக்கப்படாத பாகங்கள்

உயிரியல் பாடப்புத்தகத்தில் நுண்ணோக்கியின் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். கண்ணருகு லென்ஸ், பொருளருகு லென்ஸ், குழல், மேடை, மேடைக்குக் கீழே குவிப்பான், அதற்கும் கீழே ஆடி, பக்கவாட்டில் பெரிய திருகு, சின்னத் திருகு என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பார்கள். 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பது தேர்வுக் கேள்வி. இந்தப் படத்தில் கண் கிடையாது, கை கிடையாது. மேடையில் கிடக்கும் ரத்தம் யாருடையது என்ற குறிப்பும் கிடையாது. மனிதர்களைத் துடைத்தெடுத்துவிட்டு மிச்சமிருக்கும் பித்தளையையும் கண்ணாடியையும்தான் 'அறிவியல்' என்று மனப்பாடம் செய்கிறோம். இந்தத் துடைத்தெடுப்பையும் சேர்த்துத்தான் கருவியின் வரலாற்றை எழுத வேண்டும்.

1

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லேவன்ஹூக். துணியின் இழைகளைச் சோதிக்க வியாபாரிகள் உருப்பெருக்குக் கண்ணாடி பயன்படுத்துவது அன்றைய வழக்கம். இவர் கையில் அது வேறொன்றாக மாறியது. இரண்டு சிறு உலோகத் தகடுகள், நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரே ஒரு லென்ஸ், பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசிமுனை. அவ்வளவுதான் கருவி. இன்று எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது சுமார் 266 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு லென்ஸ்கள் கொண்ட கூட்டு நுண்ணோக்கி அப்போதே இருந்தது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் கண்ணறைகளை அதில் பார்த்துத்தான் 'செல்' என்று பெயரிட்டார். ஆனால் அந்தக் காலத்துக் கூட்டு லென்ஸ்களில் நிறம் பிரிந்து உருவம் கலங்கியதால் ஒற்றை லென்ஸே மேலோங்கி நின்றது.

1676இல் மிளகு ஊறவைத்த நீரில் உயிரிகள் நெளிவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார் லேவன்ஹூக். எழுதியது டச்சு மொழியில். கற்றறிந்தோர் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. லண்டன் லேசில் நம்பவில்லை. மதகுருமார் உள்ளிட்ட எட்டுப் பேரிடம் 'நாங்களும் பார்த்தோம்' என்று சாட்சியம் வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. 1677 நவம்பரில் ஹூக் அதைச் செய்து காட்டிய பிறகுதான் அது 'உண்மை' ஆனது. லென்ஸ் அப்படியேதான் இருந்தது. பார்த்த ஆளு மாறினதும் பார்வைக்கு மதிப்பு வந்திடுச்சு. இதனால் லேவன்ஹூக்கை மக்கள் விஞ்ஞானி என்று தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். தன்னுடைய சிறந்த கருவிகளையும் செய்முறையையும் அவர் யாருக்கும் காட்டாமல் பொத்தியே வைத்திருந்தார்.

2

'எவ்வளவு மடங்கு பெருக்கும்?' என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஜைஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் ஆபே 1873இல் இந்தக் கேள்வியையே மாற்றினார். பெருக்கம் முக்கியமல்ல, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடிகிறதா என்பதே முக்கியம். ஒளியைக் கொண்டு பார்க்கும்வரை இதற்கு ஓர் எல்லை உண்டு: ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 0.2 மைக்ரான். இந்த எல்லையைத் தாண்டிப் பெருக்கினால் கலங்கல்தான் பெரிதாகும். பொருளருகு லென்ஸின் மேல் 40 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் 0.65 இந்தக் கணக்கிலிருந்து வந்தது. நூற்பாலைத் தொழிலாளியின் மகனான ஆபே, 1900இல் அதே தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தவர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பிரித்துக் காட்டினாலும் செல்கள் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி நிறமற்றவை. சும்மா கண்ணை வச்சா ஒண்ணும் தெரியாது. சாயம் ஏற்ற வேண்டும். அந்தச் சாயங்கள் வந்தது துணிச் சாய ஆலைகளிலிருந்து. 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்ட ராபர்ட் காக் பயன்படுத்திய மெத்திலீன் நீலம் அப்படிப்பட்டதுதான். 'குரோமோசோம்' என்ற சொல்லுக்கே 'நிற உடல்' என்றுதான் பொருள். சாயத்தைப் பிடித்துக்கொண்டதால் வந்த பெயர். சாயம் ஏற்ற, பெரும்பாலும் செல்லைக் கொன்றாக வேண்டும். கொல்லாமலே பார்க்க ஃபிரிட்ஸ் ஜெர்னிக்கே ஒரு வழி கண்டார். 1932இல் யேனாவுக்குப் போய்ச் சொன்னபோது ஜைஸ் நிபுணர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தக் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியை விட்டுவிட்டு எலக்ட்ரானைப் பிடித்த நுண்ணோக்கி 1931இல் பெர்லினில் உருவானது. அது ஆபேயின் எல்லையைத் தாண்டியது. ஆனால் வழக்கமான எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வெற்றிடத்துக்குள் உயிருள்ள எதையும் வைக்க முடியாது.

3

சரி, ரத்தத்துக்கு வருவோம்.

1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவெரான், மலேரியா கண்ட படைவீரனின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். அது எப்படிப் பரவுகிறது என்ற கேள்வியோடு, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் உட்கார்ந்தார். 1897 ஆகஸ்ட். வியர்வையில் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த கண்ணருகு லென்ஸும் விரிசல் விட்டது. அறுத்துவைத்த கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் பங்கா போடவும் வழியில்லை. இதையெல்லாம் ராஸே எழுதி வைத்திருக்கிறார்.

முன்பு யாரையும் கடித்திராத கொசு வேண்டும் என்பதால் புழுவிலிருந்து வளர்த்தார்கள். அந்தக் கொசுக்கள் கடிக்க உடம்பைக் கொடுத்தவர் ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி. கடிக்கிற கொசு ஒன்றுக்கு ஒரு அணா. ஆகஸ்ட் 20 அன்று அப்படிக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கருநிறமிகள் கொண்ட செல்களை ராஸ் பார்த்தார். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் தலைப்பில் செல்கள் உண்டு, இரண்டு கொசுக்கள் உண்டு, 'மலேரியா ரத்தம்' உண்டு. ஆள் இல்லை. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியா ஆய்வில் கூடவே உழைத்தவர் முகமது பக்ஸ். 1902இல் நோபல் பரிசு ராஸுக்கு.

இங்கே இரண்டு சுலபமான முடிவுகள் காத்திருக்கின்றன. ஒன்று, 'அறிவியல் நடுநிலையானது, கூலி விவகாரம் வேறு' என்பது. கொசுவுக்கு ஓர் அணா என்பது சோதனையின் ஓரத்தில் நடந்த சங்கதியல்ல. ஆளும் இனத்து அதிகாரி, ஆளப்படும் நோயாளி என்ற ஏற்பாடு இருந்ததால்தான் மேடையில் வைக்கப் பொருள் கிடைத்தது. குவிப்பானைப் போல அதுவும் கருவியின் ஒரு பாகம். மற்றது, நம் தோழர்கள் சிலருக்குப் பிடித்தது: 'எல்லாமே மேற்கத்தியச் சொல்லாடல், ஒட்டுண்ணியும் ஒரு கட்டமைப்பு' என்பது. ஹுசேன் கானைக் குளிரில் நடுங்க வைத்தது சொல்லாடல் இல்லீங்க. ஒட்டுண்ணி நிஜம். நிஜமாக இருப்பதால்தான், அதைக் கண்டறிந்த வரலாற்றில் அவர் பெயர் எங்கே வருகிறது என்று கேட்கிறோம்.

4

இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியாவை உறுதிசெய்ய ஒரு வழி இதுதான்: விரலில் குத்தி ஒரு சொட்டு, கண்ணாடித் தகட்டில் பூச்சு, சாயம், மேலே ஒரு துளி எண்ணெய், நூறு மடங்கு லென்ஸ். தடித்த பூச்சு ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சொல்லும். மெல்லிய பூச்சு எந்த வகை என்று சொல்லும். மணிக்கணக்காகக் குனிந்து பார்ப்பவர் ஆய்வுக்கூட நுட்பர். கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் வேறொருவர். ரத்தம் கொடுத்தவரிடம் 'நீங்களும் ஒரு தடவை பாருங்க' என்று யாரும் சொல்வதில்லை.

2014இல் மனு பிரகாஷும் கூட்டாளிகளும் காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பை வெளியிட்டார்கள். உதிரிபாகச் செலவு ஒரு டாலருக்கும் குறைவு. உள்ளே சின்ன கோள லென்ஸ். லேவன்ஹூக்கின் ஒற்றை லென்ஸ் திரும்பி வந்திருக்கிறது. கருவியின் விலைப் பிரச்சனை இதோடு தீரலாம். ஆனால் இதைக் கையில் பிடித்து, ஆலைக் கழிவு கலந்த தன் ஊர்க் குளத்துத் தண்ணீரில் கண்டதை ஒரு பெண் தமிழில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால், 'லேப் சர்டிபிகேட் இருக்காம்மா?' என்றுதான் கேட்பார்கள். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டாலும் ஒரு ஹூக் வந்து உறுதி செய்யும்வரை அது மனுவாகத்தான் கிடக்கும். லென்ஸைப் பரவலாக்க நினைக்கிற இயக்கங்கள், கூடவே இந்தச் சாட்சிச் சட்டத்தை மாற்றவும் சண்டை போட வேண்டியிருக்கிறது.