விலைக்கு வரும் ஒலிகள்: கித்தார் மாடலரின் வரலாறு கற்பிக்கும் பாடம்



பிள்ளைக்கு மின்கித்தார் வாங்கிக் கொடுத்த பெற்றோர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் என்னிடம் கேட்கின்றனர். "மாடலர் என்றொரு பெட்டியையும் வாங்கிக் கொடுத்துவிட்டோம், ஐயா. அதில் ஏற்கனவே நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன. இப்பொழுது இணையத்தில் இன்னும் சில ஒலிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்கிறான். வாங்கலாமா?"

கித்தார் வாசிக்கும் ஆசிரியன் என்பதால் இக்கேள்வி என்னைத் தேடி வருகிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வி என்பதால் இதற்கு ஒற்றைச் சொல்லில் விடையளிக்க மனம் வரவில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒலி எவ்வாறு விற்பனைப் பொருளாயிற்று என்பதை அறிந்தால் பெற்றோரே முடிவு செய்துகொள்ளலாம். ஆகவே, அவ்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. மாடலர் எதனைப் போலச் செய்கிறது?

மின்கித்தாரின் கம்பி எழுப்பும் ஒலி தனியே கேட்டால் மிக மெலிந்தது. அதற்கு வலிமையும் நிறமும் தருபவை ஆம்ப்ளிஃபையரும் அதன் ஸ்பீக்கரும்தாம். பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற வால்வுகள் இவ்வகை ஆம்ப்ளிஃபையர்களில் உண்டு. அவ்வால்வுகள் தம் எல்லையைத் தாண்டி உழைக்கும்போது எழும் கரகரப்பே ராக் இசையின் அடையாளமாயிற்று.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950களில் பாஸ்மேன் என்னும் ஆம்ப்ளிஃபையரைச் செய்தது. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய பணியாளர்களும் அதன் மின்சுற்றைப் பின்பற்றியே தங்கள் முதல் ஆம்ப்ளிஃபையரான ஜேடிஎம்45ஐ உருவாக்கினர். பாகங்கள் வேறுபட்டதால் ஒலியும் வேறுபட்டது. நகலாகத் தொடங்கிய ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஆகவே, போலச் செய்தல் என்பது கணினி கொண்டுவந்த புதுப்பழக்கம் அன்று.

இப்பெட்டிகள் கனமானவை, விலை உயர்ந்தவை. நல்ல ஒலி வர வேண்டுமெனில் அக்கம்பக்கத்தார் பொறுக்க முடியாத அளவுக்குச் சத்தமாக வைக்க வேண்டும். இக்குறையைத் தீர்க்கப் பலர் முயன்றனர். பாஸ்டன் இசைக்குழுவின் கித்தார் கலைஞரும் பொறியியலாளருமான டாம் ஷோல்ஸ் 1982இல் ராக்மேன் என்னும் கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தார். காதொலிக் கருவியிலேயே முழு ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கேட்க முடிந்தது. 1989இல் சான்ஸ்ஆம்ப் வந்தது. இவை இரண்டும் இலக்கவியல் கருவிகள் அல்ல, சாதாரண மின்சுற்றுகளே.

இலக்கவியல் முறையில் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் ரோலண்ட் விஜி-8 1995இல் வந்தது. 1996இல் லைன் 6 நிறுவனம் ஆக்ஸிஸ் 212 என்னும் ஆம்ப்ளிஃபையரையும், 1998இல் பாட் என்னும் சிவப்பு நிற அவரைவிதை வடிவப் பெட்டியையும் வெளியிட்டது. பல புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபையர்களின் நடத்தையை ஒரே சிறு பெட்டிக்குள் அடக்கியதால் பாட் வீட்டு ஒலிப்பதிவாளர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. இன்றைய மாடலர்கள் யாவும் இவ்வழி வந்தவையே.

2. ஒலியைத் தனியே விற்கும் வழக்கம்

கருவியை விற்ற பின்னர் ஒலியைத் தனியே விற்கும் வழக்கம் கித்தார் உலகத்திற்கு முன்பே விசைப்பலகைக் கருவிகளில் வேரூன்றிவிட்டது. அதற்குச் சிறந்த சான்று, யமாஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த முறையின்படி அது ஒலியை உருவாக்கியது. அதில் புதிய ஒலியை அமைப்பது மிகக் கடினம். சிறு திரை ஒன்றைப் பார்த்துக்கொண்டு, பொத்தான்களை அழுத்தி, எண்களை மாற்றியவாறே இருக்க வேண்டும். ஆகவே, பெரும்பாலோர் அதனுள் இருந்த 32 ஒலிகளையே பயன்படுத்தினர். 1980களின் பாடல்கள் பலவற்றில் ஒரே மின்பியானோ ஒலி மீண்டும் மீண்டும் கேட்பதற்கு இதுவே காரணம்.

புதிய ஒலி வேண்டுவோருக்காகக் கேட்ரிட்ஜ் என்னும் செருகுப் பேழைகள் விற்பனைக்கு வந்தன. யமாஹா மட்டுமன்றி, ஒலி அமைப்பதில் தேர்ந்த பிறரும் விற்றனர். வாங்கியவர்கள் உண்மையில் எதற்கு விலை கொடுத்தனர்? ஒலியை உருவாக்கும் ஆற்றல் அவர்களுடைய கருவிக்குள்ளேயே இருந்தது. அதை வெளிக்கொணர இன்னொருவர் செலவிட்ட நேரத்திற்கும் அறிவுக்கும் விலை கொடுத்தனர். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1990களில் ரோலண்ட் நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. 1994இல் வந்த ஜேவி-1080 கருவியில் கூடுதல் ஒலிப்பலகைகளைப் பொருத்த நான்கு இடங்கள் இருந்தன. ஆசிய இசைக்கருவிகளின் ஒலிகளுக்கென்றே ஒரு பலகை விற்கப்பட்டது. கருவியில் இல்லாத ஒலிப்பதிவுகள் அப்பலகைகளில் இருந்தன. எனவே, இது புதிய சரக்கு. பின்னர் எஸ்ஆர்எக்ஸ் வரிசைப் பலகைகள் வந்தன. 2012இல் ரோலண்ட் வெளியிட்ட இன்டெக்ரா-7 கருவியிலோ அவ்வரிசையின் 12 பலகைகளின் ஒலிகளும் உள்ளேயே அடங்கியிருந்தன. ஒருகாலத்தில் தனித்தனியே விலை கொடுத்து வாங்கியவை கருவியுடனேயே வந்துவிட்டன.

3. கித்தார் உலகில் நிகழ்ந்தது

லைன் 6 நிறுவனமும் 2000களில் இதே பாதையில் நடந்தது. பாட் எக்ஸ்டி கருவிக்கு மாடல் பேக் என்னும் கூடுதல் தொகுப்புகளை இணையத்தின்வழி விற்றது. மெட்டல் இசைக்குரிய ஆம்ப்ளிஃபையர்கள், அரிய பழைய ஆம்ப்ளிஃபையர்கள், ஒலி விளைவுகள் எனத் தனித்தனித் தொகுப்புகள் இருந்தன. 2007இல் பாட் எக்ஸ்3 வந்தபோது அம்மாடல்கள் அதனுள்ளேயே வந்தன. 2015இல் இதே நிறுவனம் வெளியிட்ட ஹீலிக்ஸ் கருவிக்குப் புதிய ஆம்ப்ளிஃபையர் மாடல்கள் மென்பொருள் மேம்பாட்டின்வழி இலவசமாகவே வழங்கப்பட்டன.

இதற்கிடையில் ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் கெம்பர் 2011இல் புதியதொரு முறையை அறிமுகப்படுத்தினார். மின்சுற்றைக் கணக்கிடுவதற்கு மாறாக, உண்மையான ஓர் ஆம்ப்ளிஃபையரை ஒலிவாங்கியின்வழி ஆராய்ந்து, அந்த நேரத்து ஒலியைப் படமெடுப்பது போலப் பிடித்து வைக்கும் முறை அது. அரிய ஆம்ப்ளிஃபையர்களை வைத்திருந்தோர் அவ்வாறு பிடித்த ஒலிகளை விற்கத் தொடங்கினர்; இலவசமாகப் பகிர்ந்தோரும் பலர். இப்பொழுது ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் என்னும் திறந்தமூல மென்பொருளைக் கணினியில் இலவசமாகவே பயன்படுத்தலாம். அதற்கான ஒலிகளையும் பயனர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர்.

4. ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். 'கூடுதல் ஒலி' என்னும் ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, பிரீசெட் எனப்படும் முன்னமைவு. உங்கள் கருவியில் ஏற்கனவே உள்ள ஆம்ப்ளிஃபையர்களையும் விளைவுகளையும் ஒருவர் வரிசைப்படுத்தி, குமிழ்களின் அளவுகளைக் குறித்து வைத்த கோப்பு இது. டிஎக்ஸ்7 பேழைகள் இவ்வகையே. இதை வாங்குவதால் கருவிக்குப் புதிய ஆற்றல் எதுவும் வருவதில்லை.

இரண்டாவது, புதிய மாடல். கருவி முன்பு அறியாத ஓர் ஆம்ப்ளிஃபையரையோ விளைவையோ இது சேர்க்கிறது.

மூன்றாவது, பிடிக்கப்பட்ட ஒலி. கெம்பர் வகை ஒலிகளும், ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் பதிவு செய்யும் ஐஆர் கோப்புகளும் இதில் அடங்கும். அனைவருக்கும் கிட்டாத பொருளின் பதிவு என்பதால் இதற்கு மதிப்புண்டு. ஆயினும், பிடித்த நிலையிலிருந்து குமிழ்களை வெகுதூரம் திருப்பினால் மூல ஆம்ப்ளிஃபையரைப் போல அது நடந்துகொள்ளாது.

உங்கள் பிள்ளை வாங்கக் கேட்பது இம்மூன்றில் எது? இக்கேள்விக்குப் பிள்ளையால் விடை கூற இயலவில்லையெனில் பணத்தைச் செலவிட இன்னும் வேளை வரவில்லை என்றே பொருள்.

5. விளம்பரத்தில் இனித்தது வீட்டில் ஏன் கசக்கிறது?

விளம்பரக் காணொளியில் இனிமையாக ஒலித்த முன்னமைவு வீட்டில் வேறு விதமாக ஒலிப்பதுண்டு. இதற்குக் காரணங்கள் உள.

கித்தாரின் கம்பி அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்புகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. ஒற்றைச் சுருள் பிக்கப்பைவிட, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1950களில் உருவாக்கிய இரட்டைச் சுருள் பிக்கப் பொதுவாக வலிமையான அலையைத் தரும். ஒன்றுக்காக அமைத்த ஒலி மற்றொன்றில் அளவு மீறும் அல்லது சோர்ந்து போகும்.

காதும் ஒரு காரணம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியின் அளவு குறையும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதுக்கு மிகுதியாக மங்கிவிடுகின்றன என்பதைக் காட்டியது. படுக்கையறையில் மெதுவாகக் கேட்டு அமைத்த ஒலி பள்ளி மண்டபத்தில் குமுறுவதற்கும், உரத்த ஒலியில் அமைத்தது வீட்டில் மெலிந்து கேட்பதற்கும் இதுவே அடிப்படை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிப்பவரின் விரல்கள். காணொளியில் வாசித்தவரின் விரலழுத்தமும் தாளக்கட்டும் கோப்போடு சேர்ந்து வருவதில்லை. மாணவருக்கு இதை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை என்பேன். ஒலி சரியில்லை என்று எண்ணி அடுத்தடுத்து வாங்கும் பிள்ளை, பயிற்சி செய்ய வேண்டிய மாலைப் பொழுதுகளைக் கடைப்பட்டியலில் தொலைத்துவிடுகிறது. பணத்தைவிட அவ்விழப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

6. அப்படியெனில் வாங்கவே கூடாதா?

அவ்வாறு நான் கூறவில்லை. அடுத்த தலைமுறைக் கருவியில் இலவசமாக வரும் என்று காத்திருந்தவர் அத்தனை ஆண்டுகளும் அவ்வொலி இன்றியே இருந்தார். வாங்கியவரோ அவ்வாண்டுகளில் அதைக் கொண்டு மேடையேறினார். பாடல்களைப் பதிவு செய்தார். பயன்பட்ட காலமே விலைக்கு ஈடு. பயன்படாமல் கருவிக்குள் உறங்கும் ஒலி மலிவாக வந்தாலும் நட்டமே.

ஆகவே, பெற்றோர்களிடம் நான் கூறும் முறை இதுதான். முதல் மூன்று மாதங்களுக்கு எதுவும் வாங்க வேண்டாம். கருவியில் உள்ள ஓர் ஆம்ப்ளிஃபையரை மட்டும் தேர்ந்தெடுத்து, விளைவுகளையெல்லாம் அணைத்துவிட்டு, அதன் ஒவ்வொரு குமிழும் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். அதன்பின் கருவிக்கு இலவச மேம்பாடு வந்துள்ளதா என்று பாருங்கள். பயனர்கள் பகிரும் இலவச ஒலிகளையும் முயலச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்த பின்னர், "இந்தப் பாட்டுக்கு இந்த ஒலி தேவை, என் கருவியில் அது இல்லை" என்று பிள்ளை தெளிவாகக் கூறினால், தம் கருவிக்கு அது பொருந்துமா என்பதை உறுதி செய்துகொண்டு ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம். ஒரு நல்ல முன்னமைவைப் பிரித்துப் பார்த்து, வல்லுநர் ஏன் அவ்வாறு அமைத்தார் என்று ஆராயும் மாணவருக்கு அது ஒரு பாடநூலாகவும் அமையும்.

இன்னொன்றும் கூற வேண்டும். விலைக்கு விற்கப்படும் ஒலிகளின் திருட்டுப் பிரதிகளும் இணையத்தில் உலவுகின்றன. வேண்டாம். ஒலியை அமைப்பதும் உழைப்பே என்பதை டிஎக்ஸ்7 காலத்திலிருந்தே பார்த்தோம். வாங்க இயலாதபோது, பிறர் மனமுவந்து அளிக்கும் இலவச ஒலிகளைப் பயன்படுத்தலாம்; அல்லது தானே அமைக்கப் பழகலாம். அவ்வாறு தானே ஓர் ஒலியை அமைத்துக் காட்டும் பிள்ளையை, அந்த ஒலி சற்றே கரடுமுரடாக இருந்தாலும், வீட்டிலும் வகுப்பிலும் மனமாரப் பாராட்டுங்கள்.