நிழல் விழுந்த தூரம்

1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியபோது, திருவையாற்றுப் பக்கம் ஒரு கேபிள்காரரிடம் நான் எடுபிடி. அதுவரை எங்கள் தெருவில் ஆன்டெனாவை உயரக் கட்டிக் கொடைக்கானல் ஒளிபரப்பைப் பிடித்தார்கள். கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியே தெரியும். கேபிள் வந்ததும் ஆன்டெனாக்கள் இறங்கின, தென்னைக்குத் தென்னை கறுப்பு ஒயர் ஏறியது.

சிக்னல் அளக்கும் மீட்டர் வாங்க வசதியில்லை. திரையைப் பார்த்துத்தான் பழுதைக் கண்டுபிடிப்போம். படம் புள்ளி புள்ளியாக வந்தால் சிக்னல் பத்தவில்லை. இரண்டு பட்டை மெல்ல ஊர்ந்தால் ஆம்ப்ளிஃபயரின் பவர்பேக்கில் கெப்பாசிட்டர் போயிருக்கும். வடக்குத் தெரு அக்கா ஒருவர் போனிலேயே சொல்லிவிடுவார்: "தம்பி, இன்னிக்குப் பட்டை ஓடலை, ஆளுக்குப் பக்கத்துல நிழல் விழுது." ஏணியை எடுக்குமுன் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த நிழல்தான் எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. ஐப்பசி அடைமழையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கும். சிக்னல் அங்கே முட்டித் திரும்பும். பின்னால் இன்னொரு கெட்ட இணைப்பில் முட்டி மறுபடி முன்னே வரும். பிந்தி வந்த அந்தப் படந்தான் நிழல். 21 அங்குலத் திரையில் அது முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் ஒரு மைக்ரோ செகண்ட் தாமதம். அதற்குள் சிக்னல் கேபிளில் சுமார் 250 மீட்டர் ஓடும். போக வர என்பதால் பாதி: இரண்டு இணைப்புக்கும் நடுவே ஏறத்தாழ 125 மீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைக் கண்ணாடியில் வைத்து அளந்துவிட்டு, கம்பங்களை எண்ணிக்கொண்டே நடப்பேன்.

2008இல் தஞ்சாவூரில் அரசு கேபிளின் கட்டுப்பாட்டு அறை வந்தது. 2011இல் மாதக் கட்டணம் 70 ரூபாயானது. 2017இல் செட்டாப் பாக்ஸ் வந்ததோடு நிழலும் பட்டையும் போயின. டிஜிட்டல் படம் கடைசிவரை பளிச்சென்று இருக்கும். பிறகு கட்டம் கட்டமாக உடைந்து ஒரேயடியாகப் போய்விடும். "சிக்னல் இல்லைன்னு எழுதி வருதுப்பா" என்பதற்கு மேல் அக்காவால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவரிடமிருந்து அந்தப் பார்வையைப் பறித்துவிட்டோமே என்று எனக்கு வருத்தம்.

கடன் வாங்கி, அலைவரிசை வாரியாகச் சிக்னலின் வலுவைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் மீட்டர் வாங்கினேன். நல்ல லைன் அதில் பரம்படித்த வயல்போலச் சமனாகத் தெரியும். கெட்ட லைனில் அலை அலையாக இருக்கும். முகட்டுக்கு முகடு ஒரு மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் தூரம் அதே 125 மீட்டர்! அக்கா பார்த்த நிழல்தான் இங்கே அலையாகியிருந்தது.

கேபிள் வழி இணையத்துக்கு 1997இல் டாக்சிஸ் விதிமுறை வந்தது. அதன் பிந்தைய மோடம்கள், தம் வழியில் முட்டித் திரும்பும் சிக்னலின் எதிரொலிக்கான கணக்கைக் கொண்டு அதைச் சரிசெய்யும். அந்தக் கணக்கை மையத்திலிருந்து கேட்டு வாங்கலாம். ஒரே மாதிரி எதிரொலி காட்டும் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தால், அவற்றுக்குப் பொதுவான கம்பத்தில் பழுது இருப்பது தெரிந்துவிடும். வாடிக்கையாளர் போன் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம்.

போன ஐப்பசியில் வெண்ணாற்றங்கரையில் மீட்டர் அலை காட்டியது. கணக்குப் போட்டு நாலு கம்பம் தள்ளி ஏறினேன். கனெக்டரைத் திருகியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் கையில் விழுந்தது. உள்ளே செம்பில் பச்சை பூத்திருந்தது.